தேக்கில் ஒரு ‘திருகோணமலை’: மூன்றாம் மாதக் குறிப்பு

எங்கள் ஊரின் பெயரைத் தாங்கி இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் ‘எச்.எம்.எஸ். திருகோணமலை’ என்ற பாய்க்கப்பலின் மாதிரியைச் செய்யத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. எட்டு அடிக்கு ஓர் அங்குலம் என்பது அளவு. ஆகவே சுமார் 150 அடி நீளமான பீரங்கித் தளம் எனக்கு 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

ஏராவும் (அடிமரம்) வங்குகளும் (விலா எலும்புபோல் நிற்கும் வளைமரங்கள்) சென்ற மாதமே முடிந்துவிட்டன. பழைய யன்னல் நிலையொன்றிலிருந்து அறுத்தெடுத்த தேக்குச் சட்டங்களே பலகைகள். முதல் நான்கை வெந்நீரில் ஊறவைத்து, ஈரத்தோடே வளைத்து ஒட்டினேன். இரண்டாம் நாள் அவை சுருங்கி, இடையே நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது. “மரம் காயும்வரைக்கும் பொறுங்கோ தம்பி, தேக்கு எண்ணெய் மரம்” என்றார் பக்கத்து வீட்டுத் தச்சர். இப்போது வளைத்த பலகையை அச்சில் கட்டி இரண்டு நாள் காயவிட்டு, ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்த உடனேயே பசை பூசுகிறேன். அதன் பின் ஒன்றும் விலகவில்லை.

பசையை விலக்கும் அந்த எண்ணெய்தான் கப்பலைக் காத்தும் வந்திருக்கிறது. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிய காலத்தில், பம்பாயில் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் மலபார்த் தேக்கில் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று அது நீரில் இறக்கப்பட்டது. பின்னாளில் ‘ஃபூட்ராயன்ட்’ என்ற பெயரில் நெடுங்காலம் பயிற்சிக் கப்பலாக இருந்து, 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டு, பத்தாண்டுகளுக்கும் மேல் நீண்ட சீரமைப்பின் பின் தன் பழைய பெயரோடு அருங்காட்சியகமானது. பழுதான மரத்தை மட்டும் அகற்றி, நல்ல மரத்தை அதனதன் இடத்திலேயே விட்டுவைக்கும் அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மரக்கப்பலுக்குக் கடல்நீரைவிடத் தளத்தின் வழியே கசியும் மழைநீரே பெரும் பகை. உப்பு பூஞ்சணத்தைத் தடுக்கும், நன்னீர் அதை வளர்க்கும். இதைக் கண்ணால் காண விரும்பி, ஐப்பசியில் ஒரு தேக்குத் துண்டையும் ஒரு மாமரத் துண்டையும் மதில்மேல் வைத்தேன். மார்கழி மழை ஓய்ந்து எடுத்தபோது மாமரத் துண்டு கறுத்து, விரலால் அழுத்தினாலே அமுங்கியது. தேக்கு மேலே நரைத்திருந்தது. சீவுளியால் ஒருமுறை இழுத்ததும் உள்ளே பழைய பொன்னிறமும் எண்ணெய் வாசனையும் அப்படியே இருந்தன. அதை வலப்பக்கத்தின் முதற் பலகைக்கு அறுக்கக் குறித்து வைத்திருக்கிறேன்.