மூன்று நாள் காப்பாற்றி ஒரு மணி நேரத்தில் கொன்ற கதை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். நாங்கள் இரண்டாவது மாடி என்பதால் வீட்டுக்குள் வரவில்லை. பால் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. எனக்கோ ஹாலில் இருந்த மீன் தொட்டிதான் பெரிய கவலை. ஃபில்டரும் ஏர் பம்பும் நின்றுவிட்டன. உள்ளே பதினான்கு உயிர்: ஒரு ஜோடி ஏஞ்சல், எட்டு விடோ டெட்ரா, நான்கு கோரி.

மணிக்கொரு தரம் ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றுவோம். முப்பது மக். டீ ஆற்றுவதைப் போலத்தான். விழுகிற தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பகலில் மனைவியும் மகளும் முறை வைத்தார்கள், ராத்திரி நான். தீனி போடவே இல்லை. மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தீனி போட்டால் கழிவு, கழிவு சேர்ந்தால் அம்மோனியா, மீனுக்கு அது நஞ்சு. மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தபோது பதினான்கும் உயிரோடு இருந்தன. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் ஒன்பதைக் கொன்றேன்.

நடந்தது இதுதான். மூன்று நாள் தண்ணீர் ஓடாததால் ஃபில்டர் ஸ்பாஞ்சில் இருந்த நல்ல பாக்டீரியாவெல்லாம் மூச்சு முட்டிச் செத்திருக்கும். ஸ்பாஞ்சைத் திறந்தால் அழுகல் வாடை. அதை அப்படியே ஓடவிடக் கூடாது என்கிற அளவுக்குத் தெரிந்திருந்ததால், தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு மாட்டினேன். டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையாகிவிட்டது. அம்மோனியா. ஆகவே கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டும். இதுவரை எல்லாம் சரி.

குழாயைத் திறந்தேன், இரண்டு பக்கெட் பிடித்தேன், ஊற்றினேன்.

அன்று காலையில்தான் அப்பார்ட்மெண்ட்காரர்கள் வெள்ளம் புகுந்த சம்ப்பை இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மேல்தொட்டிக்கும் ஏற்றியிருந்தார்கள். மனிதர்களுக்குச் செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். வாட்ஸப் குரூப்பிலும் போட்டிருந்தார்களாம். என் போன் அப்போதுதான் சார்ஜில் கிடந்தது. மூன்று நாள் ஈரத்தில் நின்று எனக்கு ஜலதோஷம், வாசனையும் தெரியவில்லை.

பத்து நிமிடத்தில் டெட்ராக்கள் கண்ணாடியில் முட்டிக்கொண்டு ஓடின. அப்புறம் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் மூடி விரிந்தது விரிந்தபடியே நின்றது. பெரிய ஏஞ்சல் ஸ்பாஞ்ச் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. சமையலறையிலிருந்து வந்த மனைவி கேட்டாள்: “என்னங்க, நீச்சல் குளம் மாதிரி வாசனை வருது?”

அப்போதுதான் உறைத்தது. ஆன்டி குளோரின் பாட்டில் தொட்டிக்குக் கீழே அலமாரியில்தான் இருந்தது. எடுத்து ஊற்றினேன். ஆனால் குளோரின் செவுளைப் பொசுக்கிவிட்டால் அப்புறம் தண்ணீரைச் சரி செய்து பயனில்லை. மிஞ்சியது ஒரு ஏஞ்சல், ஒரு டெட்ரா, மூன்று கோரி.

பெரியவனாகித் திரும்பவும் மீன் வளர்க்கத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. என் தொட்டியில் அழுக்கில் செத்த மீனைவிட, ‘சுத்தம்’ செய்ததில் செத்த மீன்தான் அதிகம். சின்ன வயதில் திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கல்லை அரிசி களைகிற மாதிரி களைந்து, கண்ணாடியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று புதுத் தண்ணீர் நிரப்புவோம். செவ்வாய்க்கிழமை ஒரு மீன் மிதக்கும். “ராசியில்லாத மீனுடா” என்பாள் அம்மா. ராசியெல்லாம் இல்லை. அந்தக் கூழாங்கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டியிருக்கிற பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. வாராவாரம் அதைக் கழுவிக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தோம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கொளத்தூரில் ஒரு கடைக்காரர். சென்னையில் மீன் வளர்க்கிறவர்கள் கொளத்தூர் போகாமல் இருக்க முடியாது. வண்ண மீன் பண்ணையும் கடையுமாக அந்த ஏரியாவே அப்படி. போன புதிதில், “தண்ணி மாத்தினா மீன் சாகுதுங்க” என்று புலம்பினேன். அவர் ஒரு ஏஞ்சலைக் கவரில் பிடித்துக்கொண்டே, “மாத்துறதுன்னா யாரு சார் மொத்தமா கொட்டச் சொன்னது? தயிருக்கு உறை விடுவீங்கள்ல, பழசு கொஞ்சம் இருக்கணும் சார்” என்றார். பழையது முக்கால் பங்கு இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. இன்றுவரை அதுதான் என் கணக்கும்.

என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கன அடிக்கு 28.3 லிட்டர் என்று போட்டால் 159 லிட்டர் வரும். மணல், கல், மேலே விட்ட இடைவெளி போக 130 என்று வைத்திருக்கிறேன். கால் பங்கு என்பது 16 லிட்டர் பக்கெட்டில் இரண்டு. வாரம் ஒரு தடவை, ஞாயிறு காலை.

வேலை தொடங்குவது சனிக்கிழமை சாயங்காலம். இரண்டு பக்கெட் பிடித்து, ஏர் பம்ப்பில் இருந்து ஒரு குழாயை இழுத்து, அதன் முனையில் குமிழி விடும் கல்லை உள்ளே போட்டுவிடுவேன். ராத்திரி முழுக்கக் குமிழி விட்டால் வெறும் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். லாரித் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறார்கள் என்று யார் கண்டது, அதனால் காலையில் ஆன்டி குளோரினும் போடுவேன். பழைய ஸ்டூடியோக்காரர்கள் போட்டோ கழுவ வைத்திருந்த ‘ஹைப்போ’தான் இதுவும், சோடியம் தயோசல்பேட். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீராக இருந்தால் நாள் முழுக்கக் குமிழி விட்டாலும் போகாது. ஹைப்போவும் குளோரினை மட்டும் முறித்துவிட்டு அம்மோனியாவை அங்கேயே விட்டுவிடும். அதற்கென்று அம்மோனியாவையும் கட்டுகிற மருந்து தனியாக விற்கிறது.

போர் தண்ணீர்தானே, குளோரின் இல்லையே என்று நேராக ஊற்றுகிறவர்கள் உண்டு. பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகமாக இருக்கும். ஒரு ராத்திரி காற்று பட்டால்தான் அதன் நிஜமான பி.ஹெச், அதாவது அமில-கார அளவு, தெரியும்.

பக்கெட்டைத் தட்டு போட்டு மூடினால் குளோரின் போகாது. திறந்து வைத்தால் கொசு. கொசுப்புழு பார்க்க மாநகராட்சியிலிருந்து வருகிறவர்கள் தேங்கிய தண்ணீரைக் கண்டால் விடமாட்டார்கள், அதுவும் நியாயம்தான். பழைய வேட்டித் துணியைக் கட்டி வைக்கிறேன். இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. மீனைக் கேட்டால் கொசுப்புழுதான் வேண்டும் என்று சொல்லும், அது வேறு விஷயம்.

ராத்திரி வைப்பதில் இன்னொரு லாபம், சூடு. மே மாதம் மதியம் மூன்று மணிக்கு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைக் காலில் ஊற்றிப் பாருங்கள், துள்ளிக் குதிப்பீர்கள். ஏஞ்சலுக்கும் டெட்ராவுக்கும் 25, 26 டிகிரி சுகம். ஹாலிலேயே ஒரு ராத்திரி கிடந்த தண்ணீர் தொட்டிக்குக் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கும். மார்கழியில் தலைகீழ்ப் பிரச்சினை: ஹீட்டர் போட்ட தொட்டியில் சில்லென்ற தண்ணீர் விட்டால், சில நாளில் மீன் மேல் ரவை தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி. ஒரு தெர்மாமீட்டர் போதும், இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் ஊற்றுவதில்லை.

அப்புறம் உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்க டி.டி.எஸ் மீட்டர் என்று பேனா அளவில் ஒன்று விற்கிறது. என் தொட்டி 600ஐ ஒட்டி இருக்கும். எங்கள் போர் மழைக்காலத்தில் 800, மே மாதம் 1400ஐத் தாண்டும். லாரித் தண்ணீர் ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு எண். ஆர்.ஓ தண்ணீர் 40. கோடையில் போர் தண்ணீரோடு ஆர்.ஓவைக் கலந்து தொட்டியின் எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துதான் ஊற்றுகிறேன். ‘சுத்தமான தண்ணீர்’ என்று நினைத்து வெறும் ஆர்.ஓ தண்ணீரைக் கொட்டுவதும் மீனுக்கு அடிதான். உடம்புக்குள் இருக்கும் உப்புக்கும் வெளியே இருக்கும் உப்புக்கும் ஒரு சமன் உண்டு, அது சட்டென்று மாறினால் தாங்காது. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தாலும் உப்பு ஏறிக்கொண்டே போகும். குழம்பு சுண்டினால் கரிக்குமே, அதேதான். ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ, மாற்றுவதற்குக் கலவை.

கீழ்வீட்டில் ஒருவர் ஒரு வருஷமாகத் தண்ணீரே மாற்றாமல் வைத்திருந்தார். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒரு நாள் மனசு கேட்காமல் முக்கால் தொட்டியை மாற்றினார், ராத்திரிக்குள் எல்லாம் போய்விட்டன. மாற்றாத தொட்டியில் பாக்டீரியா கழிவைச் சிதைத்துச் சிதைத்தே பி.ஹெச் இறங்கிவிடும். இறங்கிய பி.ஹெச்சில் அம்மோனியா கடிக்காத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். புதுத் தண்ணீர் பி.ஹெச்சைத் தூக்கிவிட்டால் அதுவே நஞ்சாகும்; பி.ஹெச் ஒரு புள்ளி ஏறினால் நஞ்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த மாதிரித் தொட்டியென்றால் நாளுக்கு ஒரு மக், இரண்டு மக் என்று வாரக்கணக்கில் மாற்றி மேலே கொண்டுவர வேண்டும். அவர் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டிருந்தாலும் ஒன்பது மீனைக் கொன்றவன் பேச்சை நம்பியிருப்பாரா தெரியவில்லை.

ஞாயிறு காலை முதல் வேலை ஸ்விட்சை அணைப்பது. ஹீட்டர் சூடாக இருக்கும்போது தண்ணீர் மட்டம் இறங்கினால் அதன் கண்ணாடி வெடித்துவிடும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடாமல் இருப்பதும் இதில் சேர்த்தி. தண்ணீர் எடுக்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூப், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கியது. வாய் வைத்து உறிஞ்சினால் தண்ணீர் வரும், என்றாவது ஒரு நாள் வாய்க்குள்ளும் வரும். அனுபவித்தவன் சொல்கிறேன். டியூப் முழுக்கத் தண்ணீரில் முக்கி நிரப்பி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, தொட்டிக்குக் கீழே இருக்கும் பக்கெட்டில் இறக்கி விரலை எடுத்தால் தானாக ஓடும். இன்னொரு முனையில் அரை லிட்டர் பாட்டிலின் கழுத்துப் பாகத்தை வெட்டிச் செருகியிருக்கிறேன். மணல் மேல் லேசாகக் கவிழ்த்தால் மணல் சுழன்று எழும்பித் திரும்ப விழும், கசடு மட்டும் மேலே ஏறிப் போகும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு மகள்தான் கை விடுவாள்.

புதுத் தண்ணீரைக் கொட்டுவதில்லை. பக்கெட்டை ஸ்டூல் மேல் வைத்து, மெல்லிய ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு விட்டுவிடுவேன். ஒரு பக்கெட் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் இட்லி, காபி, பேப்பர் முடிந்துவிடும். ஊற்றுவதற்கு முன் மனைவியை ஒரு தடவை முகர்ந்து பார்க்கச் சொல்வேன். என் மூக்கை நான் நம்புவதில்லை.

இரண்டு பக்கெட்டிலும் மகளின் நெயில் பாலிஷால் பெரிதாக ‘மீன்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு தடவை யாரோ அதில் துணி ஊறவைத்துவிட்டார்கள். யாரென்று வீட்டில் இன்னும் தீர்மானமாகவில்லை. எடுத்த பழைய தண்ணீர் பால்கனிக் கருவேப்பிலைக்கும் துளசிக்கும் போகிறது. ராசியில்லை என்று சொன்ன அதே அம்மா இப்போது சனிக்கிழமையே கேட்டுவிடுகிறாள்: “நாளைக்கு ரெண்டு பக்கெட்தானா? மல்லிச் செடி வேற வாங்கியிருக்கேண்டா.”