ஆர்.சி. டிரக் நாட்குறிப்பு: இரண்டு பேட்டரி போய் ஒன்று

மார்ச் 2

வண்டி ரேடியோ கன்ட்ரோலில் (ஆர்.சி.) ஓடும் 4 வீல் டிரைவ் மான்ஸ்டர் டிரக், டயர் விட்டம் 150 மி.மீ. மோட்டார் 4 போல் (காந்த முனை) பிரஷ்லெஸ், கே.வி. 2200, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2200 சுற்று. பேட்டரி: 6 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு இரண்டு, சீரிஸ் ஹார்னஸ் (இரண்டையும் தொடராக இணைக்கும் வயர் தொகுப்பு) வழியாக 14.4 வோல்ட். கனெக்டர்கள் எல்லாம் பழைய வெள்ளை பிளாஸ்டிக் ரகம்.

குறை இதுதான்: புறப்படும்போது இழுவை நன்றாக இருக்கிறது, நேர்ப்பாதையில் வேகம் ஏறாமல் நின்றுவிடுகிறது. ஓடி முடித்ததும் மோட்டார் வெதுவெதுப்பு, கனெக்டரோ தொட முடியாத சூடு. பேட்டரியிலிருந்து கிளம்பும் சக்தியில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகப் போகிறது என்பதற்கு இந்தச் சூடே சாட்சி. பெரிய பினியன் (மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சிறு கியர்) வாங்குவதற்கு முன் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எண்ணிப் பார்த்தால்: முதல் பேட்டரியில் 2 முனை, இரண்டாவதில் 2, ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) பக்கம் 2. ஆறும் சீரிஸில் இருப்பதால் முழுக் கரண்டும் ஆறு தொடுமுனைகளையும் கடந்தாக வேண்டும். ஒரு முனைக்கு 4 மில்லிஓம் என்று வைத்தால் மொத்தம் 24. ஆக்ஸிலரேஷனில் 60 ஆம்பியர் இழுத்தால் 1.44 வோல்ட் அங்கேயே காலி, அதாவது 14.4-ல் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் கனெக்டர்களில் மட்டும் 86 வாட் வெப்பம். பிளாஸ்டிக் மஞ்சளாகாமல் என்ன செய்யும்?

மார்ச் 4

கணக்கு போதாது, அளந்து பார்க்க வேண்டும். சக்கரங்களைத் தூக்கி வைத்து த்ராட்டில் கொடுத்து அளப்பதில் பயனில்லை. லோடு இல்லாத மோட்டார் மிகக் குறைந்த கரண்ட்தான் இழுக்கும். அதற்குப் பதில் ஹார்னஸின் கடைசி முனையில் கார் ஹெட்லைட்டின் 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் பல்பை மாட்டினால் ஏறத்தாழ 5 ஆம்பியர் நிலையாக ஓடும். பேட்டரிகள் பாதி இறங்கியிருக்க வேண்டும். முழு சார்ஜில் பல்புக்கு வோல்டேஜ் அதிகம். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது, சில விநாடிகளுக்கு மேல் எரியவிடவும் வேண்டாம்.

மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு ப்ரோபை கனெக்டருக்கு முன்னால் உள்ள உலோகத்திலும் மற்றதைப் பின்னால் உள்ள உலோகத்திலும் வைத்தேன். கரண்ட் 4.8 ஆம்பியர். பெரும்பாலான முனைகளில் 10 முதல் 14 மில்லிவோல்ட். இரண்டாவது பேட்டரியின் பாசிட்டிவில் மட்டும் 31. வகுத்தால் 6.5 மில்லிஓம்.

அந்த முனையை வெளியே இழுத்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. பெண் முனை என்பது மெல்லிய தகட்டைச் சுருட்டிய குழாய். அதன் நீளவாட்டப் பிளவு விரிந்திருக்கிறது, உள்ளே ஒரு பக்கம் கருத்திருக்கிறது. ஆண் முனை இரண்டு இடத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தது. மூக்கு இடுக்கியால் குழாயை இறுக்கினால் ரீடிங் 12-க்கு இறங்குகிறது. ஆனால் சூட்டில் தகட்டின் ஸ்பிரிங் தன்மை போய்விட்டது. நாலு முறை கழற்றி மாட்டினால் மறுபடி விரியும். இது அன்றைய ஓட்டத்துக்கு உதவும், நிரந்தரத் தீர்வாகாது.

மார்ச் 5

இரண்டு வழி. ஒன்று: 2 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) இரண்டு வாங்கி, நல்ல கனெக்டரில் அதே சீரிஸ் ஹார்னஸ். மற்றது: 4 செல் லைப்போ ஒன்றே ஒன்று, ஹார்னஸே வேண்டாம்.

இரண்டாவதுதான் சரி. தொடுமுனை ஆறிலிருந்து இரண்டாகிறது. சீரிஸில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது: ஈ.எஸ்.சி. மொத்த வோல்டேஜை மட்டுமே பார்க்கும். ஒரு பேட்டரி 7.8-ல் தாராளமாக நிற்க, வலுக்குறைந்த மற்றது 6 வோல்ட்டுக்கு இறங்கினாலும் கூட்டுத்தொகை 13.8. கட்-ஆஃப் (வோல்டேஜ் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு) வேலை செய்யாது, செல் வீங்கிவிடும். எனவே இரண்டு பேட்டரி வைத்தே ஆக வேண்டிய சேஸிஸ் என்றால் ஒரே மாடல், ஒரே கொள்ளளவு, ஒரே வயது, சேர்த்தே சார்ஜ். ஜோடியைப் பிரிக்கவே கூடாது.

ஹார்னஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீரிஸ் ஹார்னஸும் பேரலல் ஹார்னஸும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பேட்டரி மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள்: ஒரு பிளக்கின் பாசிட்டிவ் மற்ற பிளக்கின் நெகட்டிவோடு சேர்ந்து பீப் அடித்தால் சீரிஸ். பாசிட்டிவும் பாசிட்டிவும் அடித்தால் பேரலல். ஒன்று நிரம்பியும் ஒன்று இறங்கியும் இருக்கும் லைப்போக்களை பேரலலில் மாட்டினால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கட்டுப்பாடில்லாமல் கரண்ட் பாயும்.

ஈ.எஸ்.சி. தாங்குமா? 12 நிக்கல் செல், சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு செல்லுக்கு 1.4 வீதம் 16.8 வோல்ட். 4 செல் லைப்போ, முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வீதம் அதே 16.8. இருந்தும் லேபிளில் 4 செல் லைப்போ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். கே.வி.யும் பொருந்துகிறது: 2200 × 14.8 = 32,560 சுற்று. 4 போல் மோட்டாருக்கு இது பதற்றமில்லாத எண்.

மார்ச் 9

சோல்டர் வேலை. ஏ.டபிள்யூ.ஜி. (வயர் தடிமன் அளவு) 12 சிலிக்கோன் வயர், எக்ஸ்.டி.90 ஆன்டி-ஸ்பார்க் கனெக்டர் ஜோடி, ரோசின் உள்ள 60/40 ஈயம், 80 வாட் அயர்ன். அயர்னின் நுனி உளிபோல் அகலமாக இருக்க வேண்டும். ஊசி நுனியை வைத்து இந்த அளவு பித்தளையைச் சூடாக்க முயன்றால், ஈயம் பிடிப்பதற்குள் கனெக்டரின் பிளாஸ்டிக் இளகிவிடும்.

ஆன்டி-ஸ்பார்க் எதற்கு என்றால்: ஈ.எஸ்.சி.யின் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது பேட்டரியை மாட்டினால் பட்டென்று பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் தொடுமுனையில் ஒரு சிறு குழியை அரிக்கும். நாளடைவில் மறுபடி மின்தடை ஏறும். இந்த ரகக் கனெக்டரில் உள்ள 5.6 ஓம் மின்தடை முதலில் தொட்டு கெப்பாசிட்டரை நிரப்புகிறது, பிறகு முழு முனை சேர்கிறது.

செய்த வரிசை: ஷ்ரிங் டியூபை (சூட்டில் சுருங்கும் உறை) முதலில் வயரில் கோர்த்துக்கொள். ஆண், பெண் இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டி வைத்தபடியே சோல்டர் செய். பிளாஸ்டிக் இளகினாலும் முனைகள் சாயாது. வயர் நுனியில் தனியாக ஈயம் பூசு, கனெக்டர் குழியில் பாதி நிரப்பு, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கு. ஈயம் பளபளப்பாகச் சரிந்து ஓட வேண்டும். மங்கலாக உருண்டு நின்றால் அது கோல்டு ஜாயின்ட், மீண்டும் சூடாக்கு.

பேட்டரியின் கனெக்டரை மாற்றும்போது இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டவே கூடாது. கட்டரின் அலகே இரண்டையும் ஷார்ட் செய்துவிடும். ஒன்றை வெட்டி, சோல்டர் செய்து, ஷ்ரிங் டியூபால் மூடிய பிறகுதான் மற்றது. பேட்டரி பக்கம் எப்போதும் பெண் கனெக்டர்.

வயர் நீளம்: ஈ.எஸ்.சி. எட்டவில்லை என்றால் பேட்டரி வயரை நீட்டாமல் மோட்டார் வயர்களை நீட்டுவதே நல்லது. பேட்டரி வயர் நீள நீள இண்டக்டன்ஸ் கூடி, ஈ.எஸ்.சி.யின் கெப்பாசிட்டர்கள் மீது சுமை ஏறும்.

மார்ச் 10

ஈ.எஸ்.சி. செட்டிங். பேட்டரி வகையை நிக்கலிலிருந்து லைப்போவுக்கு மாற்றாமல் ஓட்டினால் கட்-ஆஃப் இருக்காது. ஒரே ஓட்டத்தில் புது பேட்டரி போய்விடும். செல் எண்ணிக்கையை ஆட்டோவில் விடாமல் 4 என்று கையால் வைத்தேன். இறங்கிய 4 செல் பேட்டரியின் 13 சொச்சம் வோல்ட், நிரம்பிய 3 செல்லின் 12.6-க்கு மிக அருகில் இருக்கிறது, தானாகக் கண்டுபிடிப்பது தவறலாம். கட்-ஆஃப் செல்லுக்கு 3.4.

பழைய நிக்கல் சார்ஜர் லைப்போவுக்கு ஆகவே ஆகாது. 5000 எம்.ஏ.எச். என்றால் 5 ஆம்பியரில், பேலன்ஸ் லீடையும் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சார்ஜரோடு இணைக்கும் சிறு வயர்) மாட்டித்தான் சார்ஜ்.

மார்ச் 12

எடை. முன்பு இரண்டு பேட்டரிகள் சேஸிஸின் இரு பக்கமும் சமமாக இருந்தன. ஒன்றை மட்டும் ஒரு பக்கத்தில் வைத்தால் அந்தப் பக்கம் தாழும், வேகத்தில் பிரேக் பிடித்தால் வண்டி இழுக்கும். ஈ.எஸ்.சி.யையும் ரிசீவர் பெட்டியையும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றியும் சற்றே சாய்கிறது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குகளின் பிரீலோட் காலரை (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையம்) 2 மி.மீ. இறக்கி வைத்ததில் மட்டம் சரியானது. பேலன்ஸ் லீடை மடித்து ஸ்ட்ராப்புக்குள் செருகியாயிற்று. அது தொங்கி நடு ஷாஃப்டில் சுற்றினால் நேரடி ஷார்ட்தான்.

மார்ச் 16

ஓட்டம். கியர் மாற்றவில்லை: ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய கியர்) 68 பல், பினியன் 20, உள் விகிதம் 5.5. மொத்தம் 18.7. கணக்கு: 32,560 ÷ 18.7 = சக்கரம் நிமிடத்துக்கு 1741 சுற்று. டயர் சுற்றளவு 0.471 மீட்டர். மணிக்கு 49.2 கி.மீ. வர வேண்டும்.

ஜி.பி.எஸ்.சில் பழைய பேட்டரிகளோடு 37. இன்று 43. மோட்டார், கியர், டயர் எதையும் தொடாமல் கிடைத்த 6 கி.மீ. இது! கனெக்டரோடு செல்லின் உள் மின்தடை குறைந்ததும் இதில் சேர்த்தி. ஓடி முடித்து கனெக்டரைத் தொட்டால் சூடே தெரியவில்லை.

மார்ச் 18

இப்போது பினியன். ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 2.5 கி.மீ. கூடும். 22 பல் போட்டதும் ஜி.பி.எஸ். 47. ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு மோட்டார் 68 டிகிரி செல்சியஸ், ஈ.எஸ்.சி. 57. 24 பல்லில் 50-ஐத் தொட்டது, ஆனால் மோட்டார் 87. நான் வைத்திருக்கும் எல்லை 80. அதற்கு மேல் காந்தங்களுக்கு நல்லதல்ல. புல்தரையில் சூடு இன்னும் ஏறும். 22-க்கே திரும்பியாயிற்று.

மெஷ் (இரு கியர்களின் பற்களுக்கு இடையே வேண்டிய இடைவெளி) வைக்க: நோட்டுத் தாளின் ஒரு கீற்றை இரண்டு கியருக்கும் நடுவே விட்டு, மோட்டாரை அழுத்தி ஸ்க்ரூவை இறுக்கி, தாளை உருட்டி எடுக்கணும். தாள் கிழியாமல் மடிப்போடு வந்தால் சரி. ஸ்பரை முழுச் சுற்று சுற்றி, எங்காவது இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பினியனின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு ஸ்க்ரூ) ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும், ஒரு சொட்டு த்ரெட்லாக்கோடு (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை). பிளாஸ்டிக் பாகங்களில் த்ரெட்லாக் படவிடாதீர்கள், விரிசல் விடும். புதுப் பினியன் வாங்குகிறவர்கள் பிட்சை (பல்லின் அளவு) பார்க்கணும்: மாட்யூல் 1 ஸ்பரில் 32 பிட்ச் பினியன் சேராது, பற்களைத் தின்றுவிடும்.

மார்ச் 19

பேலன்ஸ் லீடில் செல் செல்லாக அளந்தது: 3.71, 3.72, 3.71, 3.70. 0.02 வித்தியாசம் நல்ல நிலை. ஒரு செல் மட்டும் 0.1-க்கு மேல் பின்தங்கினால் அந்த பேட்டரியை வேக ஓட்டத்துக்கு எடுக்கக்கூடாது. அடுத்த ஓட்டம் ஒரு வாரம் தள்ளி என்பதால் ஸ்டோரேஜ் மோடில் செல்லுக்கு 3.8, மொத்தம் 15.2-க்கு ஏற்றி வைத்தாயிற்று. அதற்குள் முன் ஹப்களில் இருக்கும் வெண்கல புஷ்களை எடுத்துவிட்டு பால் பேரிங் போட வேண்டும். இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் வலதைவிடச் சீக்கிரம் நிற்கிறது.