சத்துவாச்சாரி வீட்டு கிச்சன்ல மல்லிப்பூ வாசனை மெழுகுவர்த்தி

இந்த வெயில்ல அடுப்பு முன்னாடி நிக்கறியேன்னு அம்மா திட்டினாங்க, ஆனா வேலூர் லாங் பஜார் போய் கண்ணாடி டம்ளர்லாம் வாங்கியாச்சு, விட மனசு வரல.

200 கிராம் சோயா மெழுகு, நேரா அடுப்புல வைக்காம கொதிக்கிற தண்ணிக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சுதான் உருக்கணும், அப்புறம் 16 கிராம் மல்லி வாசனை எண்ணெய், அதாவது 8 சதவீதம், ஊத்தி 2 நிமிஷம் மெதுவா கலக்கினேன். திரி சாயாம இருக்க துணி கிளிப்பை டம்ளர் வாய் மேல குறுக்கா போட்டு அதுல மாட்டிட்டேன், சூப்பரா நின்னுச்சு.

போன தடவை மறுநாளே ஏத்தி வாசனையே வரல, அழுகையா வந்துச்சு. சோயா மெழுகை 2 வாரம் மூடி வச்சாதான் வாசனை நல்லா பிடிக்குமாம். இந்த தடவை பொறுத்திருந்து நேத்து கரண்ட் போனப்போ ஏத்தினேன், மேல ஃபுல்லா உருகுறவரைக்கும் அணைக்கல, இல்லன்னா நடுவுல மட்டும் குழி விழுந்துடும். சாயங்காலம் கட்டின மல்லிச்சரம் மாதிரியே கூடம் முழுக்க மணந்துச்சு.