பலகையில் இல்லாத கட்டம்

வங்கியில் கடன் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. இந்த மாத இலக்கு, இதுவரை கொடுத்த கடன். அவ்வளவுதான்.

திரும்பி வந்தது எவ்வளவு என்று ஒரு கட்டமே இல்லை.

எப்படி இருக்கும்? இன்று கொடுத்த கடன் கெட்டது தெரிய ஓரிரு வருடம் ஆகும். அதற்குள் கையெழுத்துப் போட்டவர் வேறு கிளைக்குப் போயிருப்பார். வசூலுக்கு அலைவது வேறொருவர். ஊக்கத்தொகை மட்டும் முன்பே வந்துவிடும்!

2008 நிதி நெருக்கடிக்கு முன் அமெரிக்காவில் பலருக்கு வருமானச் சான்றே கேட்காமல் வீட்டுக்கடன் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு அந்தக் கடன்களை முதலீட்டாளர்களுக்கு விற்றும்விட்டார்கள். அப்புறம் தவணை வருமா என்று கடன் கொடுத்தவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

என் சம்பளச் சீட்டை அந்த அதிகாரி அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

உடனே ஒப்புதல்.

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று யோசித்தபடியே வெளியே வந்தேன்.