பானை ஓட்டுக் கீறலைப் படம் எடுப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்தின் பழைய துறைமுகமான அழகன்குளத்து ஓடுகளில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும் கப்பல் கோட்டுருவமும் கிடைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட கீறலை நேர் வெளிச்சத்தில் ஒரே படமாக எடுத்தால் பாதி மறைந்துவிடும். கேமராவை அசைக்காமல், வெளிச்சத்தை மட்டும் நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக இணைக்க வேண்டும்.

ஓட்டின் இருபுறமும் பளபளப்பான கறுப்புக் கோலிக்குண்டு ஒவ்வொன்று வையுங்கள். அதில் விழும் ஒளிப்புள்ளியை வைத்துத்தான் மென்பொருள் வெளிச்சத்தின் திசையைக் கணக்கிடும். குண்டு படத்தில் வெட்டுப்பட்டால் எல்லாம் வீண். 10 செ.மீ. ஓட்டுக்கு 30 செ.மீ. நூலை டார்ச்சில் கட்டி, ஓட்டுக்கும் டார்ச்சுக்கும் இடையே அந்தத் தூரம் மாறாமல் பிடியுங்கள். 12 திசை, ஒவ்வொன்றிலும் 15, 30, 45, 60 டிகிரி உயரம்: 48 படம். ஃபோகஸ், ஐஎஸ்ஓ, ஷட்டர், வெள்ளைச் சமநிலை நான்கையும் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். கேமராவைத் தொடாமல் டைமரில் எடுங்கள். நம் கரையில் கடற்காற்று ஸ்டாண்டை ஆட்டிவிடும், அறைக்குள் இருட்டில் எடுப்பதே நல்லது. பிறகு இலவச ரிலைட்லேப் (RelightLab) மென்பொருளில் ஏற்றலாம்; திரையில் வெளிச்சத்தின் திசையை மாற்றிப் பார்க்கக்கூடிய ஒரே படமாக அது இணைத்துத் தரும்.

கடலோர ஓட்டில் உப்புப் பூத்திருக்கும். அது மின்னி, இல்லாத கோட்டைக் காட்டும். அதற்காகத் தயவுசெய்து சுரண்டாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

கிடைத்த படத்தில் வெளிச்சத்தைத் தாழ்த்தி, கோட்டின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். களிமண் வரப்பு போல ஒதுங்கியிருந்தால் சுடும் முன் கீறியது; ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தால் சுட்ட பின் கீறியது.