மரக்காணம் மணலும் இரண்டாம் நம்பர் மோட்டாரும்

நங்கநல்லூரில் குடியிருந்துகொண்டு டிரோன் ஆசை வைத்திருப்பது, சர்க்கரை வியாதிக்காரர் மிட்டாய்க் கடை மாடியில் குடியிருப்பது மாதிரி. ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். மொட்டை மாடியில் நின்றால் விமானத்தின் சக்கரம் தெரியும். நாம் ஒரு பட்டத்தைக்கூட யோசித்துத்தான் விடவேண்டும். அதனால் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் பக்கம் நண்பனுடைய சவுக்குத் தோப்புக்குப் போய்விடுவேன். டிரோன் எங்கே விடலாம் என்று காட்டும் அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொண்டுதான் பேட்டரியைச் சொருகுவேன்.

என்னுடையது நானே கட்டிய, ஐந்து அங்குல ப்ராப்பெல்லர் போட்ட டிரோன். போன மாதம் சாயங்காலக் கடல்காற்றில் ஒரு திருப்பம் தவறி, டிரோனின் வலது முன்பக்கக் கை முதலில் மணலில் குத்தி நின்றது. ப்ராப்பெல்லர் இரண்டு உடைந்தன, சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மணலைத் தட்டிவிட்டு, புது ப்ராப் மாட்டி, மறுபடியும் கிளப்பினேன். அங்கேதான் முதல் தப்பு. கிளம்பிய வேகத்தில் வலது முன்பக்கம் மட்டும் தூக்காமல், பொத்தென்று கவிழ்ந்தது. அந்த மோட்டார் 'கிர்... கிர்...' என்று துடித்ததே தவிர சுற்றவில்லை. கையால் சுற்றிப் பார்த்தேன். அரை வட்டம் வந்து நின்றது. லேசாக ஒரு கருகல் வாசனையும் வந்தது.

இறுகிய மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. சுற்ற முடியாத மோட்டார் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டும் இ.எஸ்.சி. பலகையில் உள்ள மாஸ்ஃபெட்கள் என்ற குட்டி மின் சுவிட்சுகள் சில நொடிகளில் பொசுங்கிவிடும். என் நல்ல நேரம், கவிழ்ந்த உடனே ரிமோட்டில் அணைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது தப்பு. துரு இளக்கும் ஸ்பிரே ஒன்று பைக்குக்காக வைத்திருந்தேன். அதை மோட்டாருக்குள் தாராளமாக அடித்தேன். ஐந்து நிமிடம் நன்றாகச் சுற்றுகிற மாதிரி இருந்தது, பிறகு பழைய கதைதான். அந்த ஸ்பிரே பேரிங்குக்குப் போடும் எண்ணெய் அல்ல. உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவரும், கூடவே மணலை இன்னும் ஆழமாகத் தள்ளும். எனக்கு இது தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. அவசரம், வேறென்ன.

சனிக்கிழமை மெட்ரோவில் அரசினர் தோட்டம் வரை போய், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். ஒரு கடையில் டிரோனைக் காட்டினேன். கடைப் பையன் மோட்டாரை ஒரே ஒரு முறை சுற்றிவிட்டுச் சொன்னான்:

“சார், இது மோட்டாரே இல்ல. இ.எஸ்.சி. போயிருக்கு. போர்டு மாத்திடுங்க, நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்.”

“பேட்டரி கனெக்ட் பண்ணா நாலு மோட்டாரும் பீப் அடிக்குதேப்பா.”

“அதெல்லாம் அடிக்கும் சார்.”

அந்தக் கடைசி வரியில் அவன் சொன்னது உண்மை. பீப் சத்தம் தனி ஸ்பீக்கரில் இருந்து வருவதில்லை. இ.எஸ்.சி. மோட்டாரின் சுருளையே அதிரவைத்து எழுப்பும் சத்தம் அது. மோட்டார் சுற்றவே வேண்டியதில்லை. அவன் சொன்ன முதல் வரியிலும் ஓரளவு நியாயம் இருந்தது. மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டால் மோட்டாரின் கம்பிகள் பலகைக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அப்போது கையால் சுற்றினாலும் பிரேக் பிடித்த மாதிரி இறுகும். ஆக, இறுக்கம் மோட்டாரிலா பலகையிலா என்று வெறுங்கையால் சுற்றிப் பார்த்து முடிவுகட்ட முடியாது. அவனும் அப்படித்தான் முடிவுகட்டினான் என்பதுதான் என் வருத்தம். போர்டு வாங்காமல், துடைப்பதற்கு ஒரு பாட்டில் ஐ.பி.ஏ.வும் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), மோட்டார் அச்சைக் கழலாமல் பிடிக்கும் குட்டி வளையமான சர்க்லிப் ஒரு பாக்கெட்டும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

முடிவுகட்ட ஒரே வழி, கம்பியைக் கழற்றுவது. மூன்று கம்பிகளையும் எந்தெந்த இடத்தில் இருந்தன என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, சால்டரிங் அயர்ன் வைத்துப் பலகையிலிருந்து எடுத்தேன். கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் விரித்து வைத்துவிட்டுச் சுற்றினேன். இறுக்கம் அப்படியே இருந்தது. அப்படியென்றால் கோளாறு மோட்டாரில்தான். நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம்.

அடுத்தது சுருள். கம்பிகளில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றினால் கையில் ஒரு எதிர்ப்பு தெரியும். மூன்று ஜோடிக்கும் அது ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒரு ஜோடியில் எதிர்ப்பே இல்லையென்றால் சுருளில் எங்கோ அறுந்திருக்கிறது. மோட்டாரின் உராய்வு குறுக்கே வந்தாலும், ஓரளவு மூன்றும் சமமாகத்தான் பட்டது. மல்டிமீட்டரில் பீப் வைத்து, கம்பிக்கும் மோட்டாரின் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, நல்லது. சுருளின் மின்தடையை அளந்து பார்க்கச் சிலர் சொல்வார்கள். ஓமில் நூறில் சில பங்குதான் இருக்கும், நம் வீட்டு மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரி, திறக்கவேண்டியதுதான். இந்த வகை மோட்டாரில் நடுவில் சுருள் சுற்றிய ஸ்டேட்டர் அசையாமல் நிற்கும்; அதைக் கவிழ்த்து மூடிய கிண்ணம் போன்ற பெல்தான் சுற்றும். பெல்லின் உட்சுவரில் பதினாலு காந்தம், ஸ்டேட்டரில் பன்னிரண்டு பல். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். பெல்லின் அச்சு அடிப்பக்கம் எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு குட்டிச் சர்க்லிப் பிடித்திருக்கும். சில மோட்டாரில் அதற்குப் பதில் ஸ்க்ரூ இருக்கும், அது இன்னும் சுலபம். மடக்கும் கேமரா டிரோன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதைத் திறக்கவேண்டாம். அதில் பல மோட்டார்கள் திறப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கம்பியும் டிரோனின் கைக்குள்ளேயே ஓடும்.

சர்க்லிப் பறக்கும், அதை மூடிக்கொண்டு கழற்றவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன், 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் வீடு எண்பதுகளில் கட்டியது, மொசைக் தரை. கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகப் புள்ளி போட்ட தரையில் மிளகைவிடச் சின்ன இரும்பு வளையத்தைத் தேடுவது என்னவென்று மொசைக் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பையன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, நூல் கட்டித் தரையெல்லாம் இழுத்தான். இரண்டு ஹேர்பின், ஒரு குண்டூசி, அம்மா இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த தையல் ஊசி எல்லாம் வந்தன. சர்க்லிப் வரவில்லை. புது பாக்கெட் வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த முறை மோட்டாரை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, கவருக்குள் கைவிட்டுத்தான் கழற்றுவேன்.

பெல்லை நேராக மேலே இழுத்தேன். காந்தம் விடாது, கொஞ்சம் பலம் வேண்டும். உள்ளே பார்த்தால் காந்தங்களின் மேல் கறுப்பு மீசை முளைத்த மாதிரி மணல். வெள்ளை மணலில் குத்திய டிரோனுக்குள் கறுப்பு மணல் எப்படி என்று பையன் கேட்டான். நம் கடற்கரை மணலில் கறுப்புக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்போம். அதில் மேக்னடைட் போன்ற இரும்புக் கனிமங்கள் உண்டு. வெள்ளை மணல் தட்டினால் கொட்டிவிடும். கறுப்பு மணலை மோட்டாரே தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளும்.

ஊதினால் போகாது. பிரஷ்ஷால் தள்ளினால் அடுத்த காந்தத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பையன் பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்த கலர்க் களிமண் கை கொடுத்தது. ஒரு உருண்டை எடுத்து அழுத்தி எடுத்தால் மணல் களிமண்ணோடு வந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து முறை அழுத்தி எடுத்தேன். கடைசியில் ஐ.பி.ஏ.வில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்ததில், களிமண் எச்சமும் நான் அடித்த ஸ்பிரேயின் பிசுபிசுப்பும் போயின. ஸ்டேட்டர் பற்களுக்கு நடுவே பழைய டூத்பிரஷ் போட்டேன்.

மாட்டிச் சுற்றினேன். இன்னும் இறுக்கம். முன்பைவிடக் குறைவு, ஆனால் 'சர்க்... சர்க்...' என்று ஏதோ தேய்கிறது.

அன்று ராத்திரி புது மோட்டார் விலை பார்த்துவிட்டேன். ஆயிரத்து அறுநூறு ரூபாய். அது பெரிய தொகை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கே தேய்கிறது என்று தெரியாமல் தூங்கப் பிடிக்கவில்லை. பெல்லைக் கழற்றிவிட்டு அதன் அச்சை மட்டும் பேரிங்கில் பாதி நுழைத்து உருட்டிப் பார்த்தேன். நறநறப்பு இல்லை, பேரிங் பிழைத்துவிட்டது. அப்படியானால் காந்தமும் ஸ்டேட்டரும்தான் உரசுகின்றன. பதினாலு காந்தத்தின் முகத்திலும் பச்சை மார்க்கரால் பூசினேன். காய்ந்ததும் மாட்டி, கையால் ஐந்தாறு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றினேன். பதிமூன்று காந்தம் பச்சையாக இருந்தது. ஒன்றின் மேல் ஓரம் மட்டும் மை சுரண்டப்பட்டுப் பளபளத்தது.

அந்தக் காந்தத்தைப் பல்குத்தும் குச்சியால் தொட்டேன். ஆடியது. விழுந்த அடியில் பசை விட்டிருக்கிறது, அந்த இடுக்கில் மணல் புகுந்திருக்கிறது. குச்சியாலேயே நெம்பி வெளியே எடுத்துப் பார்த்தால், பின்பக்கத்தில் மூன்றே மூன்று கறுப்புத் துகள். நான் களிமண் வைத்து ஒரு மணி நேரம் எடுத்த மணலுக்கும் இறுக்கத்துக்கும் பெரிய சம்பந்தமே இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த மூன்று துகளும் காந்தத்தை உள்ளே தள்ளியிருக்கின்றன.

எடுக்கும் முன் காந்தத்தின் உள்முகத்தில், மேல்பக்கமாக ஒரு புள்ளி வைத்தேன். இதை மறந்தால் வேலை கெடும். காந்தங்கள் வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி வரிசையில் நிற்கின்றன. முகம் திருப்பி ஒட்டினால் மோட்டார் உருப்படாது. இன்னொரு சிக்கல், தளர்ந்த காந்தம் பக்கத்துக் காந்தத்தோடு போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். விசிட்டிங் கார்டில் இரண்டு மெல்லிய துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் சொருகி இடைவெளியைப் பிடித்துவைத்தேன்.

பசை விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு: உடனே ஒட்டும் பசையை மோட்டாருக்குள் விடக்கூடாது. சூடேறினால் அதன் பிடி தளரும், சொட்டு வழிந்தால் பேரிங்கும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு குழாயும் கலக்கும் அரால்டைட்டை ஊசி முனையில் எடுத்து, காந்தத்தின் பின்னால் மட்டும் தடவினேன். கொஞ்சம்கூட முகத்துக்கு வரக்கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையர் பிடிக்க நினைத்தேன், விட்டுவிட்டேன். இந்தக் காந்தங்கள் நியோடிமியம் வகை, அளவுக்கு மீறிய சூட்டில் சக்தியை இழக்கும். ஒரு முழு நாள் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன்.

மறுநாள் பேரிங்குக்கு எண்ணெய். ஸ்பிரே கிரீஸைக் கரைத்திருக்கும் என்ற பயம். தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பையன் நீட்டினான்.

“அதை விடாதேடா,” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. “மார்கழியில உறைஞ்சு போகும். உங்க தாத்தா என் தையல் மெஷினை அப்படித்தான் கெடுத்தார். பிசின் மாதிரி ஆயிடுத்து.”

அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் டப்பாவிலிருந்து, மேலே ஒரு சொட்டு, கீழே ஒரு சொட்டு. மீதியைத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

புது சர்க்லிப் போட்டு மாட்டியதும் பெல் சுற்றியது, ஆனால் மேலும் கீழும் ஆடியது. பத்து நிமிடம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சர்க்லிப்புக்கு மேலே காகிதம்போல மெல்லிய ஒரு வாஷர் உண்டு. அது கிரீஸோடு ஸ்க்ரூ டிரைவர் நுனியில் ஒட்டிக்கொண்டு, டப்பாவில் உட்கார்ந்திருந்தது. அதைப் போட்டதும் ஆட்டம் போய்விட்டது. விரலால் சுண்டினால் வழுக்கிக்கொண்டு சுற்றி, மெதுவாகத் துடித்து நின்றது. மற்ற மூன்று மோட்டாரும் அப்படித்தான் நிற்கும்.

மோட்டாரை டிரோனின் கையில் மாட்டும்போது ஸ்க்ரூ நீளம் பார்க்கவேண்டும். என் டப்பாவில் எட்டும் பத்துமாகக் கலந்து கிடக்கும். இந்தச் சட்டத்துக்குப் பத்து மில்லிமீட்டர் போட்டால் முனை சுருளைக் குத்தி ஷார்ட் ஆகும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். எட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். கம்பியைப் படம் பார்த்து அதே இடத்தில் பற்றவைத்தேன்.

ப்ராப் நான்கையும் கழற்றிவிட்டுத்தான் சோதனை. பேட்டரிக்கும் டிரோனுக்கும் நடுவே ஒரு பழைய கார் இண்டிகேட்டர் பல்பைத் தொடரில் வைத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பலகைக்குப் பதில் பல்பு எரியும். ஒரு கணம் கண் சிமிட்டி அணைந்தது, பயமில்லை. பல்பை எடுத்துவிட்டு, டிரோனை அமைக்கும் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டில் மோட்டார் பக்கத்தைத் திறந்து, வலது முன் மோட்டாரான இரண்டாம் நம்பரின் ஸ்லைடரை மட்டும் மெல்ல நகர்த்தினேன். சத்தம் சீராக வந்தது. அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, தொட்டுப் பார்த்தேன். பிறகு நான்கையும் சேர்த்து ஓட்டி, நான்கையும் தொட்டுப் பார்த்தேன். சூடு ஒரே மாதிரி.

அடுத்த ஞாயிறு மரக்காணத்தில் முதல் பேட்டரி முழுக்க இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றவில்லை. முன்பே ஒரு பெரிய தார்ப்பாய் விரித்துவைத்து, அதன் மேல்தான் டிரோனை இறக்கினேன். பாக்கெட்டில் மிச்சம் இருக்கும் சர்க்லிப்புகள் இப்போது அம்மாவின் ஊசி டப்பாவில் இருக்கின்றன. பறந்துபோன பழசு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.