டிகிரி இல்லாமல் டேகேர் டைரக்டர்: கலிபோர்னியாவில் எது கணக்கில் வரும்?

கலிபோர்னியாவில் டேகேர், ப்ரீஸ்கூல் டைரக்டர் ஆவதற்குக் கல்லூரிப் பட்டம் கட்டாயம் என்று பலரும் நம்புகிறார்கள். வருடக்கணக்கில் வகுப்பறையில் நின்ற டீச்சர்கள்கூட அப்படி நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். லைசென்ஸ் விதியில் அப்படி எதுவும் இல்லை. மாநில விதித்தொகுப்பின் டைட்டில் 22, பிரிவு 101215.1 சில வழிகளைக் காட்டுகிறது. முதல் வழிக்குப் பட்டம் வேண்டாம். பள்ளிப்படிப்பை முடித்திருக்க வேண்டும் அல்லது அதற்கு ஈடான ஜி.இ.டி. தேறியிருக்க வேண்டும். அதோடு 15 செமஸ்டர் யூனிட் கல்லூரிப் பாடமும் நான்கு வருட டீச்சர் அனுபவமும் வேண்டும்.

குழந்தைக் கல்வியில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் வைத்திருப்பவருக்கு இரண்டு வருட அனுபவம் போதும். அதே துறையில் பி.ஏ. இருந்தால் ஒரு வருடம். அந்த இருவருமே நிர்வாகப் பாடம் 3 யூனிட் படித்தாக வேண்டும். ஆக, பட்டம் இங்கே மிச்சப்படுத்தித் தருவது காலத்தைத்தான். பட்டம் இல்லாதவர் அந்தக் காலத்தை வகுப்பறையில் சம்பளம் வாங்கிக்கொண்டே கழிக்கிறார்.

15 யூனிட் என்பது பெரும்பாலும் ஐந்து பாடங்கள். அதில் 12 யூனிட் குழந்தைக் கல்வி, 3 யூனிட் நிர்வாகம் அல்லது பணியாளர் உறவு. அந்த 12-ல் மூன்று பகுதிகள் கட்டாயம் இருக்க வேண்டும்: குழந்தை வளர்ச்சி, குழந்தையும் குடும்பமும் சமூகமும், பாடத்திட்டம். பலருக்கு இங்கேதான் சறுக்குகிறது. பிடித்த பாடங்களாக நான்கு எடுத்து 12 யூனிட் சேர்த்துவிடுவார்கள், ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) பாடத்திட்டம் என்ற பகுதியே இருக்காது. கம்யூனிட்டி காலேஜில் சேரும்போதே இந்த மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். நான்காவது பாடம் உங்கள் விருப்பம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான சென்டருக்கு டைரக்டர் ஆகும் எண்ணம் இருந்தால், அந்த நான்காவது பாடம் கைக்குழந்தைப் பராமரிப்பாக இருக்கட்டும். அந்த லைசென்ஸுக்கு 12-ல் 3 யூனிட் அதிலிருந்து வர வேண்டும்.

அடுத்தது யூனிட் கணக்கு. விதி பேசுவது செமஸ்டர் யூனிட். குவார்ட்டர் முறையில் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களில்) நடக்கும் கல்லூரியிலோ எக்ஸ்டென்ஷன் வகுப்பிலோ படித்தால் 3 குவார்ட்டர் யூனிட் 2 செமஸ்டர் யூனிட்டுக்குத்தான் சமம். நான்கு பாடம் முடித்து 12 கைக்கு வந்துவிட்டதாக நினைப்பவரிடம் உண்மையில் இருப்பது 8. அந்த முறையில் குழந்தைக் கல்வியின் 12-க்கு 18-ம், நிர்வாகத்தின் 3-க்கு 4.5-ம் சேர்ந்து 22.5 யூனிட் தேவை.

கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். 15 யூனிட்டுக்கு 690 டாலர், புத்தகச் செலவு தனி. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட் இந்தக் கட்டணத்தை முழுவதுமாகத் தள்ளுபடி செய்கிறது. வேலை பார்த்துக்கொண்டே செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்றால் மூன்று செமஸ்டரில் முடியும். நிர்வாகப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பல கல்லூரிகள் அடிப்படைப் பாடங்களை முடித்தவர்களுக்கே அதைத் தருகின்றன, எல்லா செமஸ்டரிலும் நடத்துவதும் இல்லை. முதல் நாளே கவுன்சிலரிடம் எந்த செமஸ்டரில் அது வரும் என்று கேட்டு, மற்ற பாடங்களை அதற்கேற்ப அடுக்குங்கள்.

சி.டி.ஏ. (சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட்) சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. 120 மணி நேரப் பயிற்சி, 480 மணி நேர அனுபவம், ஒரு தேர்வு என்று உழைத்து வாங்கும் நல்ல சான்றிதழ் அது. கலிபோர்னியாவில் ஆறு மாத அனுபவத்தோடு டீச்சர் தகுதிக்கு அது செல்லும். டைரக்டர் தகுதிக்கான 12 யூனிட்டுக்கு அது மாற்று ஆகாது. வேறு மாநிலத்தில் சி.டி.ஏ.வை வைத்தே டைரக்டர் ஆனவர்களைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அனுபவத்துக்கு வருவோம். நான்கு வருடம் என்றால் முழுநேர வேலை என்று அவசியமில்லை. ஒரு நாளுக்குக் குறைந்தது 3 மணி நேரம், ஒரு காலண்டர் வருடத்தில் குறைந்தது 100 நாள், டைரக்டர் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை. இவ்வளவுதான் அளவு. சம்பளம் வாங்கினாலும் வாலண்டியராக இருந்தாலும் செல்லும். ஆனால் "காலண்டர் வருடம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நவம்பர் நடுவில் சேர்ந்தால் டிசம்பர் முடிய முப்பது நாள்தான் தேறும், அதை ஒரு வருடமாகக் காட்ட முடியாது. பகுதி நேரமாக இருப்பவர்கள் வருடத்துக்கு வருடம் நாட்களை எண்ணி வைப்பது நல்லது.

படிப்பு முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எய்டாக (டீச்சருக்கு உதவியாளராக) உள்ளே நுழையலாம். 6 யூனிட் முடித்ததும், ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 2 யூனிட் தொடர்ந்து படிக்கும் நிபந்தனையோடு டீச்சராக வைத்துக்கொள்வார்கள். விதி கேட்பது டீச்சர் அனுபவம் என்பதால், 6 யூனிட்டை எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் உங்கள் நான்கு வருடம் ஓடத் தொடங்கும். வீட்டில் நடத்தும் ஃபேமிலி சைல்ட் கேரில் வேலை செய்த காலத்தை நம்பி இருக்காதீர்கள். விதி கேட்பது லைசென்ஸ் பெற்ற சென்டர் அல்லது அதற்கு ஒப்பான குழு நிகழ்ச்சி. அந்த அனுபவம் செல்லுமா என்று உங்கள் பகுதி லைசென்சிங் அனலிஸ்டிடம் (மாநில லைசென்ஸ் துறை அதிகாரியிடம்) எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

தகுதி இருந்தும் பலர் தோற்பது அனுபவக் கடிதத்தில்தான். "எங்களிடம் மூன்று ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற ஒரு வரிக் கடிதம் எதற்கும் உதவாது. சென்டரின் பெயர், லைசென்ஸ் எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, நாளுக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை நாள், எந்த வயதுக் குழந்தைகள், டீச்சரா எய்டா, மேற்பார்வை செய்த டைரக்டரின் பெயரும் கையெழுத்தும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வேலையை விடும் வாரத்திலேயே வாங்குங்கள். டேகேர்கள் கைமாறும், மூடப்படும், டைரக்டர்கள் ஊர் மாறுவார்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடினால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. கடிதம் கைக்கு வரும்வரை சம்பளச் சீட்டுகளையும் வரிப் படிவங்களையும் தூக்கி எறியாதீர்கள்.

பே ஏரியாவில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு நிலைமை சற்று வேறு. கையில் பி.இ.யோ பி.காமோ இருக்கும், ஆனால் குழந்தைக் கல்வியில் ஒரு யூனிட்கூட இருக்காது. அந்தப் பட்டம் இந்த விதிக்கு உதவாது, அவர்களும் இதே முதல் வழியில்தான் வர வேண்டும். பிளஸ் டூ சான்றிதழை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் மதிப்பிட்டு வாங்கிவிடுங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவர்கள் படிக்கத் தடையில்லை. மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்ததைக் காட்டினால் மாநிலவாசிக் கட்டணமும் கிடைக்கும். வேலைக்கு மட்டும் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். வாலண்டியராகப் போனாலும் லாப நோக்கில் நடக்கும் சென்டரில் குடியேற்றச் சட்டச் சிக்கல் வரலாம், வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

மற்ற ஆவணங்கள் வழக்கமானவை: லைவ் ஸ்கேன் கைரேகை, காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மை, கக்குவான், ஃப்ளூ தடுப்பூசிப் பதிவு, குழந்தைகளுக்கான முதலுதவியும் சி.பி.ஆரும் சேர்த்து 16 மணி நேர உடல்நலப் பாதுகாப்புப் பயிற்சி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குழந்தைக் கொடுமை பற்றிப் புகார் செய்யும் கடமைக்கான பயிற்சி. பழைய சென்டரில் கொடுத்த கைரேகை அனுமதி புது சென்டருக்குத் தானாக வந்துவிடாது. மாற்றிச் சேர்க்கும் விண்ணப்பம் போட வேண்டும். அதை மறந்து முதல் நாளே வேலைக்கு வருபவரால் சென்டருக்கு அபராதம் விழும்.

இந்த வழி எங்கெல்லாம் செல்லாது என்பதையும் அறிந்திருங்கள். அரசு நிதியில், டைட்டில் 5-ன் (மாநிலக் கல்வி விதிகளின்) கீழ் நடக்கும் ப்ரீஸ்கூல்களில் சைட் சூப்பர்வைசர் பெர்மிட் கேட்பார்கள். அதையும் பட்டம் இல்லாமல் வாங்கலாம், ஆனால் 60 யூனிட் வேண்டும். அதில் 24 குழந்தைக் கல்வி, 6 நிர்வாகம், 2 பெரியவர்களை மேற்பார்வை செய்யும் பாடம். பல இடங்களை நிர்வகிக்கும் புரோகிராம் டைரக்டர் பெர்மிட்டுக்கும், 2016 நவம்பருக்குப் பின் நியமிக்கப்படும் ஹெட் ஸ்டார்ட் (குறைந்த வருமானக் குடும்பக் குழந்தைகளுக்கான மத்திய அரசுத் திட்டம்) டைரக்டர் பதவிக்கும் பி.ஏ. கட்டாயம்.

நேர்முகத்தில் பட்டம் இல்லாதவரை எடை போடுவது ரேஷியோ கேள்விகளில்தான். ப்ரீஸ்கூலில் ஒரு டீச்சருக்கு 12 குழந்தைகள், கைக்குழந்தைகள் என்றால் 4. ப்ரீஸ்கூலில் டீச்சரும் எய்டும் சேர்ந்தால் 15 வரை. எண்ணாகத் தெரிந்தால் போதாது. காலை எட்டு மணிக்கு 13-ஆவது குழந்தை உள்ளே வருகிறது, இரண்டாவது டீச்சர் டிராஃபிக்கில் இருக்கிறார், என்ன செய்வீர்கள்? தூங்கும் நேரத்தில் 24 குழந்தைகளுக்கு ஒருவர் போதும், ஆனால் மற்ற டீச்சர்கள் கூப்பிட்டால் உடனே வரும்படி அதே சென்டரில் இருக்க வேண்டும். மதிய உணவு இடைவேளைக்கு அவர்களை வெளியே அனுப்பிவிட்டு மாட்டிக்கொள்ளும் சென்டர்கள் உண்டு. குழந்தைக்கு அடிபட்டு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அடுத்த வேலை நாளுக்குள் லைசென்சிங்குக்குத் தகவல், ஏழு நாளுக்குள் எழுத்தில் அறிக்கை. பெற்றோர் காலையும் மாலையும் முழுக் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும், வெறும் இனிஷியல் செல்லாது.

இவற்றைப் பழக, இப்போது இருக்கும் சென்டரிலேயே வழி இருக்கிறது. டைரக்டர் தற்காலிகமாக விடுப்பில் போகும்போது முழுத் தகுதி பெற்ற டீச்சர் ஒருவர் அவர் இடத்தில் இருக்கலாம். தொடர்ந்து 30 நாளுக்கு மேல் போனால்தான் டைரக்டர் தகுதி கேட்பார்கள். அடுத்த முறை அவர் இரண்டு வாரம் ஊருக்குப் போகும்போது அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். பார்த்த தேதிகளை அனுபவக் கடிதத்தில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.